தகுதி: ஒரு விமானப் பந்தயத்தை முன்வைத்து

1

தமிழ்நாட்டில் 'தகுதி' என்ற சொல் தனியாக வருவதில்லை. 'திறமை' என்ற இன்னொரு சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 1921ல் நீதிக் கட்சி அரசாங்கம் வகுப்புவாரி உரிமைக்கான ஆணையைப் பிறப்பித்த காலத்திலிருந்து, செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்பை ஒட்டி 1951ல் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டதைத் தாண்டி, இன்று வரை இந்த இரட்டைச் சொல்லை ஒரு சாரார் ஆயுதமாகவும் மறு சாரார் வசையாகவும் உபயோகித்து வருகிறார்கள். இரு சாராருக்கும் அதன் அர்த்தம் ஏற்கெனவே தெரியும் என்பதுதான் விசேஷம். தெரிந்த அர்த்தத்தை யாரும் ஆராய்வதில்லை.

நான் இந்தச் சொல்லை விமானப் பந்தயத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சுற்றி வளைப்பதாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுச் சண்டையில் புழங்கும் சொல்லை நம் வீட்டில் வைத்தே பார்த்தால் சூடுதான் மிஞ்சும். நமக்கு எந்த லாப நஷ்டமும் இல்லாத இடத்தில் அதை வைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியக்கூடும்.

முதலில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கிளார்க்காக இருக்கும் வங்கிக் கிளை அம்பத்தூரில் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். கடன் பத்திரங்களின் பொருட்டு அந்தப் பட்டறைகளுக்குப் போக நேரும்போது பார்த்திருக்கிறேன். கடைந்து முடித்த துளையைச் சரிபார்க்க ஒரு 'பிளக் கேஜ்' வைத்திருப்பார்கள். கைக்கு அடக்கமான இரும்புத் துண்டு, இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. இரண்டும் சரியாக இருந்தால் சாமான் 'பாஸ்'. பத்து சாமான் பாஸ் ஆனால் அந்தப் பத்தில் எது சிறந்தது என்று அந்தக் கேஜுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எதை எங்கே பொருத்தினாலும் பொருந்தும் என்பதுதான் அதன் பேச்சு.

தகுதி என்பது இப்படி எல்லை சொல்லும் காரியம். யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசை சொல்வது வேறு காரியம். நம்முடைய பரீட்சைகள் முதல் காரியத்தைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கின்றன. நூறு இடம், பத்தாயிரம் விண்ணப்பம் என்றால் எங்கோ ஒரு மார்க்கில் கோடு கிழித்தாக வேண்டும், கிழிக்கட்டும். ஆனால் கோட்டுக்கு அரை மார்க் கீழே நின்றவனைத் 'தகுதியற்றவன்' என்று அழைப்பதற்கு எந்தக் கேஜும் சாட்சி சொல்லாது.

2

சென்னையின் இந்தப் பக்கத்துக்கும் விமானத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. அம்பத்தூரிலிருந்து புழல், செங்குன்றம் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்களுக்கென்று ஏற்பட்ட அங்கே உள்ள ஓடுபாதையில், யுத்தம் முடிந்தபின், ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை காரும் மோட்டார் சைக்கிளும் பந்தயம் விட்டார்கள். 1953ல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நடத்தியது. பிறகு பந்தயம் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே போட்ட தடத்துக்குப் போயிற்று. சோழவரத்தில் ஓட்டியவர்களில் பெரிய பெயர், கோயம்புத்தூர் கரிவர்தன். காரைத் தானே வடிவமைத்து, இளைஞர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு பந்தயக் கார் கிடைக்கும்படி செய்தவர். அவர் 1995ல் மாண்டது காரில் அல்ல, விமானத்தில்.

ஆனால் விமானப் பந்தயம் என்ற விளையாட்டு முறையாக வேரூன்றியது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்தான். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகருக்கு வெளியே, இரண்டொரு வருஷம் நீங்கலாக, 1964லிருந்து 2023 வரை செப்டம்பர் மாதத்தில் பந்தயம் நடந்தது. பாலைவனத்தில் உயரமான கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றித் தரைக்கு மிக அருகில் பல விமானங்கள் ஒரே சமயத்தில் பறக்க வேண்டும். பெரிய இயந்திரங்களின் பிரிவில் வேகம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டரை எட்டும்.

இதில் புதிதாகக் கலந்துகொள்ள வருகிறவன் விமானி லைசென்ஸை நீட்டினால் போதாது. ஜூன் மாதமே வந்து பந்தயப் பள்ளியில் உட்கார வேண்டும். பிறகு மூத்த பந்தயக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆகாயத்தில் செய்து காட்ட வேண்டும். மற்ற விமானங்களோடு இறக்கைக்கு இறக்கை நெருங்கி, ஆடாமல் பறப்பது. முன்னால் போகிறவனைக் கண்ணை விட்டு நழுவவிடாமல் தாண்டுவது. ஒருவன் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலில் விமானம் புரண்டால் நிமிர்த்துவது. இஞ்சின் நின்றுபோனால் இருக்கும் வேகத்தை உயரமாக மாற்றி மேலே ஏறி, மற்றவர் பாதையிலிருந்து விலகி இறங்குவது. இத்தனையிலும் வேகம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கப்படுவதெல்லாம் ஒரே கேள்விதான்: உன் பக்கத்தில் பறக்கிறவனுக்கு நீ அபாயமா, இல்லையா? இது பிளக் கேஜ்.

செப்டம்பரில்தான் மற்றது. ஒவ்வொருவனும் தனியாகச் சுற்றி வர, கடிகாரத்தை வைத்து நேரம் குறிப்பார்கள். அதன்படி தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரிவும், புறப்படும் வரிசையும் முடிவாகும். இது வரிசை. இரண்டு மாதத்தில் இரண்டு சோதனை. ஒன்றை மற்றதாக யாரும் குழப்பிக்கொள்வதில்லை. வெண்கலத்தில் பறக்கிறவனைத் தகுதியற்றவன் என்று ரீனோவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் ஜூனில் தேறியவன்தான்.

கேஜுக்கும் ஒரு குறை உண்டு. எந்தத் துளைக்காகச் செய்தார்களோ அதைத்தான் அது அளக்கும். 2011ல் ரீனோவில் ஒரு பழைய யுத்த விமானம் பார்வையாளர்கள் பக்கம் விழுந்து, விமானியோடு சேர்த்துப் பதினொரு பேர் செத்தார்கள். விமானிக்கு எழுபத்து நாலு வயது, தேர்ந்த கை. விசாரணை கடைசியில் போய் நின்றது, வால் பகுதியில் ஒரு சிறு தகட்டின் திருகுகளைப் பிடித்திருக்க வேண்டிய, தேய்ந்துபோன நட்டுகளில். மனிதனை அளந்தார்கள், நட்டை அளக்கவில்லை. செத்தவர்களில் பத்துப் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள். அபாயத்தில் பங்கு பெற அவர்களிடம் யாரும் எந்தத் தகுதியும் கேட்கவில்லை. 2023ல், ரீனோவின் கடைசிப் பந்தய நாளில், பந்தயம் முடிந்து இறங்கும்போது இரண்டு விமானங்கள் மோதி இரண்டு விமானிகளும் மாண்டார்கள். இருவரும் அனுபவஸ்தர்கள். தகுதிச் சோதனை என்பது அவசியமான காரியம். உத்தரவாதம் தரும் காரியமில்லை. உத்தரவாதம் என்று நினைக்கிறபோதுதான் தகுதி ஒரு மூடநம்பிக்கையாகிறது.

3

கேஜைச் செய்கிறவன் யார் என்பது அடுத்த கேள்வி.

1929 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று முதல் நீண்ட தூர விமானப் பந்தயம் நடந்தது. கலிபோர்னியாவில் ஸாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாண்ட் வரை. கலந்துகொள்ள நூறு மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும், அதில் இருபத்தைந்து மணி ஊர் விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும் என்று விதி. நியாயமான விதி. ஆனால் அதற்கு முன், மலைகளைத் தவிர்த்துக் கிழக்கே சுலபமான இடத்திலிருந்து புறப்படட்டும், கூடவே ஓர் ஆணும் வரட்டும் என்றெல்லாம் யோசனைகள் எழுந்தன. அமீலியா இயர்ஹார்ட்டும் மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். வழியில் மார்வல் கிராஸன் என்ற பெண் விமானி மாண்டார். பந்தயத்தையே நிறுத்திவிட வேண்டும் என்று குரல் எழும்பிற்று. மற்றவர்கள் பறந்து முடித்தார்கள்.

1933ல் சிகாகோ பந்தயத்தில் புளோரன்ஸ் கிளிங்கன்ஸ்மித் என்பவர் விழுந்து இறந்தார். அடுத்த வருஷப் பந்தயத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. ஆண்கள் இறந்தபோது விமானத்தின் குறையைத் தேடினார்கள். பெண் இறந்தபோது பெண்ணின் குறையைத் தேடினார்கள். மறுபடி கதவு திறந்து, 1936ல் நாட்டின் குறுக்காகப் பறக்கும் பெண்டிக்ஸ் பந்தயத்தை லூயிஸ் தேடனும் பிளான்ஷ் நோயஸும் ஜெயித்தார்கள். பெண்களில் முதலில் வருகிறவருக்கு என்று அமைப்பாளர்கள் தனியாக ஒரு பரிசு வைத்திருந்தார்கள். முதல் பரிசோடு அந்த ஆறுதல் பரிசையும் அவர்களிடமே கொடுக்க வேண்டியதாயிற்று.

கோடு கிழிக்கிற கை ஒரே கையாக இருக்கும்வரை, கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு அந்தக் கை எழுதும் காரணத்தை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்துப் பந்தயம் இன்னும் சுவாரஸ்யமானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1922ல் ஏற்படுத்திய 'கிங்ஸ் கப்' பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒவ்வொரு விமானத்தின் சக்தியையும் முன்கூட்டியே கணக்கிட்டு, மெதுவானதை முதலிலும் வேகமானதைக் கடைசியிலும் விடுவார்கள். கணக்குச் சரியாக இருந்து, எல்லோரும் பிழையில்லாமல் பறந்தால், எல்லோரும் ஒரே நிமிஷத்தில் கோட்டைத் தொட வேண்டும். 1930ல் அந்தக் கோப்பையை, ஏராளமான ஆண்களுக்கு நடுவே, வினிஃப்ரெட் பிரவுன் என்ற பெண் ஒரு சாதாரண ஆவ்ரோ விமானத்தில் பறந்து ஜெயித்தார். முதலில் புறப்பட்டவர்களுக்குச் சலுகை கிடைத்ததாக அங்கே யாரும் புகார் செய்வதில்லை. காரணம் வெளிப்படை. விமானத்தின் வித்தியாசத்தைக் கழித்தால்தான் விமானியின் வித்தியாசம் தெரியும்.

நம்முடைய பரீட்சை மண்டபத்தில் இந்தக் கழித்தல் இல்லை. அப்பா படித்த வீடு, இங்கிலீஷ் பேசும் தெரு, டியூஷன் பணம், தனி அறை, மேஜை விளக்கு: இவை எல்லாம் இயந்திரம். பரீட்சை இயந்திரத்தையும் சேர்த்து அளந்துவிட்டு விமானியை அளந்ததாக அறிக்கை விடுகிறது. இடஒதுக்கீட்டை ஆதரிக்கிறவர்கள் கருணையின் பெயரால் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருப்பது இதனால்தான். கழித்தல் கணக்கில் கருணைக்கு வேலை இல்லை. அதை எதிர்க்கிறவர்கள் திறமையின் பெயரால் பேசும்போதோ சங்கடம் இன்னும் அதிகம். திறமையை அளக்க அவர்களிடம் கருவியே இல்லை.

இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது என்பதும் தெரியும். விமானத்தை விட்டு விமானி இறங்கிவிடலாம். பிறந்த வீட்டை விட்டு அப்படி இறங்க முடியாது. எது இயந்திரம், எது மனிதன் என்று மனிதர் விஷயத்தில் கோடு போடுவது லேசில்லை. ஆனால் லேசில்லை என்பது, கணக்கே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

4

இனி இந்தியர்கள் பறந்த பந்தயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தத் திசையிலானாலும் சரி, குறித்த கெடுவுக்குள் தன்னந்தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஐந்நூறு பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். 1930ல் மூன்று பேர் முனைந்தார்கள். மன்மோகன் சிங், பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர், ஜே.ஆர்.டி. டாடா. டாடா பாரிஸில் பிறந்து, 1929 வரை பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தவர். அதே வருஷம் பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் அவருடையது. 'இந்தியர்' என்பதும் அந்தப் பந்தயத்தில் ஒரு தகுதி. அதையும் அவர் சமீபத்தில்தான் பெற்றிருந்தார்.

மன்மோகன் சிங் தன் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் வைத்திருந்தார். அவர் வழி தவறித் தடுமாறியபோது இங்கிலீஷ் பத்திரிகையாசிரியர் ஒருவர், இவர் இந்தியாவைத் தவறவிட்டுவிடுவார் போலிருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்துச் சிலேடை பண்ணினார். ஆனால் தனியாகப் பறந்து முதலில் கராச்சி வந்து சேர்ந்தது அவர்தான். கெடு தாண்டிவிட்டது. பரிசு இல்லை.

ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்துகொண்டிருந்தார். டாடா மே மாதத் துவக்கத்தில் கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். எகிப்தில் அலெக்ஸாண்டிரியாவுக்குப் பக்கத்தில் அபூகீர் என்ற இடத்தில் டாடா இறங்கியபோது, மைதானத்தில் இன்னொரு ஜிப்ஸி மாத் விமானம் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பியினுடையது. ஸ்பார்க் பிளக் கெட்டுப்போய், மாற்று இல்லாமல் நின்றுவிட்டிருந்தார். டாடாவின் விமானமும் ஜிப்ஸி மாத், அதே இஞ்சின். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். டாடா தன்னிடம் உபரியாக இருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பதிலுக்குத் தன் உயிர் காக்கும் மிதவைச் சட்டையைக் கொடுத்தார். ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே. ஆஸ்பி கராச்சி சேர்ந்தபோது டாடா லண்டனை எட்டியிருக்கவில்லை. பரிசு ஆஸ்பிக்கு.

பின்னால் நடந்தவை சரித்திரம். ஆஸ்பி எஞ்சினியர் 1960ல் இந்திய விமானப் படையின் தலைவரானார். டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அதன் அடுத்த கட்டமாக நெவில் வின்சென்ட் பல்லாரி வழியே சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். மன்மோகன் சிங் 1942 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் உயிரிழந்தார்.

5

அபூகீரில் நடந்ததை நம் வெகுஜனப் பத்திரிகைகள் எழுதினால் 'பெருந்தன்மை' என்று தலைப்புக் கொடுத்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடும். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. பெருந்தன்மை என்றால் கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே. இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பியின் பிளக் கெட்டதால் டாடா ஜெயித்திருந்தால், டாடாவின் பிளக் ஆஸ்பியின் பிளக்கை ஜெயித்தது என்றுதான் சொல்ல முடியும். யார் முதலில் பறந்து முடிப்பது என்ற கேள்வி கேள்வியாகவே நின்றிருக்கும். டாடா செய்தது கிங்ஸ் கப் கணக்கர் செய்கிற அதே கழித்தல். ஒரே வித்தியாசம், கணக்கர் போட்டியில் இல்லாதவர். இவர் போட்டியாளர். கழித்துக் கொடுத்தது தன் கணக்கிலிருந்து.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற் சொல்லே 'தகுதி'தான். பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று பகுதியாரிடத்தும் ஒரேபோல நிற்கும் நிலை என்று பரிமேலழகர் அந்த அதிகாரத்தை விளக்குகிறார். அதாவது தகுதி என்பது, நான் உள்ளே நுழைய என்னிடம் இருக்க வேண்டிய சரக்கு அல்ல. எதிரே நிற்பவனிடம் நான் நிற்கும் விதம். இந்த அர்த்தம் நம் மொழியிலேயே இருந்து, நாம் தொலைத்துவிட்ட அர்த்தம். ரீனோ பந்தயப் பள்ளி ஜூன் மாதத்தில் கேட்கும் கேள்வி இதற்கு வெகு பக்கத்தில் வருகிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பக்கத்தில் பறக்கிறவனுக்கு நீ யார்?

ஓர் ஆட்சேபணையை நானே எழுப்பிக்கொள்கிறேன். டாடாவுக்கு அந்த ஐந்நூறு பவுன் எம்மாத்திரம்? தோற்றாலும் அவர் டாடாதான். இழக்க ஒன்றும் இல்லாதவனின் அறம் என்ன அறம்? தவிர, அவர் கொடுத்தது உபரி பிளக். இஞ்சினில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிக் கொடுக்கவில்லையே?

ஆட்சேபணையில் உண்மை இருக்கிறது. 1930ல் ஜிப்ஸி மாத் வைத்திருப்பது ராஜ வாழ்க்கை. ஆனால் உபரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொடுத்துக்கொண்டா இருக்கிறார்கள்? உபரியை மறைத்து வைப்பதுதான் உலகத்தில் சாதாரணமாக நடக்கிற காரியம். வசதி அந்தச் செயலைச் சுலபமாக்கியிருக்கலாம். செய்தது வசதி அல்ல.

வசதி இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர், ஒரே வங்கி, ஆவடியிலிருந்து ஒரே மின்சார ரயிலில் வருகிறவர்கள், ஒரே ப்ரொமோஷன் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். அந்த வட்டாரத்துக்கு அந்த வருஷம் அதிக இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒருவரிடம் பல வருஷ சர்க்குலர்கள் ஒழுங்காகத் தொகுத்து வைத்த ஃபைல் இருந்தது. மற்றவர் கிளை மாறி மாறிப் போனவர். அவரிடம் எதுவும் இல்லை. மூன்று மாதம் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு இருவரும் ரயிலில் படித்தார்கள். ஃபைல் இல்லாதவர் தேறினார், இருந்தவர் தேறவில்லை. ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். "ரயில்ல சும்மா உட்கார்ந்துக்கிட்டு வர்றதுக்கு ரெண்டு பேரும் படிச்சோம், அவ்வளவுதான் சார்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு தத்துவமும் கிளம்பவில்லை. வருத்தம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அந்த ப்ரொமோஷனில் அவர் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் இருந்தது. இழக்க ஒன்றும் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

இதைப் படிக்கிற நூறு நூற்றைம்பது பேரில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். நமக்குள்ளும் பந்தயம் உண்டு. இல்லை என்று சொல்வது பாசாங்கு. யார் கவிஞன், யார் கவிஞன் இல்லை என்று நாம் ஓயாமல் கேஜ் வைத்துக்கொண்டிருக்கிறோம். வைக்க வேண்டியதுதான், விமர்சனத்தின் வேலையே அது. ஆனால் நம் கேஜ் எதை அளக்கிறது? வாசித்த புத்தகங்களை, தெரிந்த இங்கிலீஷை, பழகிய வட்டத்தை அளந்துவிட்டுக் கவிதையை அளந்ததாகச் சொல்லிக்கொள்கிறோமா? எதிர் முகாம் பத்திரிகைக்குக் காகிதம் இல்லாமல் நிற்கிறது என்று தெரிந்தால், நம்மிடம் உபரியாக இருக்கும் இரண்டு ரீமை அனுப்பத் தோன்றுமா, அல்லது அந்த மௌனத்தை நம்முடைய ஜெயமாக எண்ணிக்கொள்வோமா?

மன்மோகன் சிங் விஷயத்தில் பரிசுக் குழு செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். கெடு என்றால் கெடு. அதை ஒருவருக்காகத் தளர்த்தினால் மற்ற இருவருக்கும் அநியாயம். ஆனால் பரிசு இல்லை என்பதிலிருந்து, தனியாகப் பறந்து முதலில் வந்தவர் அவர் என்ற உண்மை அழிந்துவிடுவதில்லை. விதியைக் காப்பாற்றுவதும் வேண்டும், விதி பார்க்காததைப் பார்த்துச் சொல்வதும் வேண்டும். இரண்டாவதற்கு எந்தக் குழுவும் கிடையாது. யாராவது ஒருவர் தன் பொறுப்பில் செய்ய வேண்டிய வேலை அது. நம் மொழியில் விமர்சகன் என்று ஒருவன் தேவைப்படுவது இதற்காகத்தான் என்றால், அவனுடைய தகுதியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி இன்னும் நம் முன்னால்தான் இருக்கிறது.